டப்பியில் வண்டு நடந்தால்

ஆரோக்கியசெல்வி வண்டுகளுக்குக் கல்யாணம் செய்து வைக்கிறவள். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். மூக்கண்டப்பள்ளியில் அவள் குடியிருந்த லைன் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சிரித்தார்கள். "என்ன செல்விக்கா, இன்னைக்கு முகூர்த்தம் எத்தினி?" என்று குழாயடியில் கேட்காத பெண் கிடையாது. அவளும் சளைக்காமல், "பொண்ணு ரெடியா இருக்குது, மாப்பிள்ளைதான் இன்னும் கோதுமைய விட்டு வெளிய வரல" என்பாள்.

செல்வி எலத்தகிரியில் பிறந்தவள். படிப்பு முடிந்த கையோடு ஓசூருக்கு வந்து, வண்டிகளுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் சேர்ந்து, கல்யாணமாகி, ஒரு பெண்ணைப் பெற்று, அதே மேஜையில் மெல்லிய ஒயர்களைக் கோத்துக்கொண்டே நாற்பதைத் தாண்டினாள். பிறகு ஒருநாள் கம்பெனி வேறு மாநிலத்துக்கு மூட்டை கட்டிவிட்டது. இருபது வருஷ உழைப்பில் அவளுக்கு மிஞ்சியது கூர்மையான கண்ணும் நடுங்காத விரலும்தான். அந்த விரலைக் கேள்விப்பட்டுத்தான், தொழிற்பேட்டையின் பின்சாலையில் இருந்த சின்ன ஆய்வுக்கூடத்துக்கு ஃபெபா மேடம் அவளைக் கூப்பிட்டுக்கொண்டார்.

அங்கே ஆராய்ச்சி கோதுமை வண்டைப் பற்றி. எள்ளளவு இருக்கும் பழுப்பு வண்டு அது. கோதுமை மணிக்குள் துளைத்துப் போய், உள்ளேயே வளர்ந்து, மூட்டையைத் தவிடாக்கிவிட்டுத்தான் வெளியே வரும். நாடு முழுக்க குடோன்களில் அதற்குக் கேஸ் போடுகிறார்கள். மாத்திரையை மூட்டை அடுக்கின் மேல் வைத்துப் படுதா போட்டு மூடினால், காற்றின் ஈரம் பட்டு மாத்திரையிலிருந்து நச்சு கேஸ் கிளம்பும், வண்டு சாகும். சாக வேண்டும். ஆனால் சில குடோன்களில் அது சாகாமல் எழுந்து நடக்க ஆரம்பித்திருந்தது. அந்தத் தெம்பு அதன் மரபணுவில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று வரைபடம் போட்டுக் காட்டுவதுதான் ஃபெபா மேடத்தின் வேலை. செல்வியின் வேலை அதற்கு வண்டு வளர்ப்பது.

கல்யாணம் என்பதும் பொய்யில்லை. கேஸுக்குச் சாகாத வண்டையும், கேஸ் என்பதையே பார்த்திராத வண்டையும் இணைசேர்க்க வேண்டும். அதற்குக் கோதுமை மணியை ஊசியால் பிளந்து, உள்ளே பால் நிறத்தில் சுருண்டு கிடக்கும் கூட்டுப்புழுவை நோகாமல் எடுத்து, மைக்ராஸ்கோப்பில் ஆணா பெண்ணா என்று பார்த்துத் தனித்தனிக் குப்பியில் போட வேண்டும். இரண்டு வகை வண்டுகளுக்கும் செல்வி பெயர் வைத்திருந்தாள். சாகாதவன் முரடன். மற்றவன் சாது. சாதுவின் வம்சம் பல வருஷமாக ஆய்வுக்கூடத்துக் கண்ணாடி ஜாடிக்குள்ளேயே பிறந்து வளர்ந்தது. லேசான கேஸ் பட்டாலே மல்லாந்துவிடும். மேடமும் அந்தப் பெயர்களையே சொல்லத் தொடங்கிவிட்டார்.

"முரடனையும் சாதுவையும் சேத்தா, புள்ளைங்க கேஸ்ல செத்துடும் செல்விக்கா" என்று மேடம் முதல் வாரத்திலேயே பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். "ஆனா பேரப்புள்ளைங்கள்ல கொஞ்சம் பிழைக்கும். பிழைச்சதோட டிஎன்ஏ எல்லாத்தையும் படிச்சா, முரடன்கிட்டருந்து வந்த எந்தத் துண்டு அத்தனைலயும் தவறாம இருக்குன்னு தெரிஞ்சிடும். அந்த இடத்தைக் கண்டுபிடிச்சிட்டா போதும், எந்த குடோன் வண்டோட ஒரு காலைக் கொடுத்தாலும் அது சாதுவா முரடனான்னு சொல்லிடலாம்."

"பாத்தா தெரியாதுங்களா மேடம்?"

"நீங்க பாத்து சொல்லுங்களேன்."

செல்வி பார்த்தாள். மைக்ராஸ்கோப்பைத் திருகித் திருகிப் பார்த்தாள். அதே பழுப்பு, அதே முதுகு, அதே கால். ஒரு மயிரிழை வித்தியாசம் கிடையாது.

இனி அவள் புருஷன் ஜெபதுரை. குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் ஒரு தனியார் குடோனில் கேஸ் போடுகிறவன் அவன். வடக்கேயிருந்து லாரியில் வரும் கோதுமை, மாவு மில்லுகளுக்குப் போகும்வரை அங்கேதான் கிடக்கும். நல்ல உயரம், அகலமான தோள், வாயைத் திறந்தால் கிண்டல். குடோனில் அவனைக் கேஸ் துரை என்பார்கள். அவனோடு கூட வேலை செய்தவன் சென்றாயன். சூளகிரிப் பக்கத்துப் பையன், தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவான், ஜெபதுரையை அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டு நிழலாகத் திரிவான்.

கேஸ் போட்ட குடோனுக்குள் எப்போது போகலாம் என்று பார்க்க மீட்டர் ஒன்று உண்டு. இருந்தது. அது ரிப்பேராகி மேனேஜர் குருமூர்த்தியின் அலமாரிக்குள் போய் நெடுநாளாயிற்று. கேட்டால், "பெங்களூருக்கு அனுப்பணும்ப்பா, அனுப்பலாம்" என்பார். இந்த மாதிரி 'அனுப்பலாம்'களில்தான் நம் ஊரில் பாதிப் பேருடைய உயிர் தொங்கிக்கொண்டிருக்கிறது. மீட்டர் இல்லாத இடத்தில் வேலைக்காரர்களே ஒரு வழி செய்துகொண்டார்கள். பழைய மாத்திரை டப்பி ஒன்றின் வாயில் வலைத்துணி கட்டி, கொஞ்சம் கோதுமையும் உயிருள்ள வண்டும் போட்டு வைத்தார்கள். படுதாவைப் பிரித்து, கதவுகளைத் திறந்துவிட்டு, சாயங்காலம் அந்த டப்பியை ஒரு நீளக் கம்பியில் மாட்டி உள்ளே விடுவார்கள். காலையில் இழுத்துப் பார்ப்பார்கள். வண்டு செத்திருந்தால் கேஸ் இன்னும் நிற்கிறது. வண்டு நடந்தால் ஆள் போகலாம். குடோனில் எல்லோருக்கும் அது சாமி வாக்கு.

மற்றவர்களுக்கு டப்பியோடு மூக்கும் இருந்தது. அந்த கேஸ் அழுகின பூண்டு மாதிரி வாடை அடிக்கும். ஜெபதுரைக்கு அந்த வாடை வராது. கொரோனாவில் படுத்து எழுந்தபோது அவன் மூக்கு செத்துப்போயிருந்தது, திரும்பவே இல்லை. மீன் குழம்பும் வெந்நீரும் அவனுக்கு ஒன்றுதான். இது செல்விக்கு மட்டும்தான் தெரியும். வெளியே தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஐம்பதை நெருங்குகிறவனுக்கு இந்தத் தொழிற்பேட்டையில் எந்த கேட்டில் வேலை கிடைக்கும்? மகள் வேறு பெங்களூருவில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். "வண்டு இருக்குது புள்ள, அதுதான் எனக்கு மூக்கு" என்பான் அவன். அவளும் அதை நம்பித்தான் தினமும் அவனை வேலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

மேடம் ஒருநாள் உண்மையான குடோன் வண்டு வேண்டும் என்றபோது, "எங்க வீட்டுக்காரர் குடோன்ல அள்ளிக்கலாம் மேடம்" என்று செல்விதான் முந்திக்கொண்டு சொன்னாள். ஜெபதுரை காபி பாட்டில் ஒன்றில் வண்டைக் கொண்டுவந்து கொடுத்தான். அந்த வண்டைக் கேஸில் விட்டுப் பார்த்த ஃபெபா மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை. இதுவரை வந்த முரடன்களெல்லாம் இதன் முன்னால் குழந்தைகள். மற்ற வண்டுகளைக் கொல்லுகிற அளவைப் போல் பல மடங்கு கேஸில் அது சாவகாசமாக நடந்தது. ஆய்வுக்கூடத்தில் கேக் வெட்டினார்கள். இந்த வம்சத்தை வைத்தே வரைபடம் போட்டுவிடலாம் என்று முடிவாயிற்று.

அன்று சாயங்காலம் செல்வி கேக் துண்டை டிஷ்யூ பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து புருஷனிடம் கொடுத்தாள். "உங்க குடோன் வண்டுதான் இந்தியாவுலயே பெரிய ரவுடியாம்."

"பின்ன? குருபரப்பள்ளின்னா சும்மாவா?" என்று அவன் மீசையை நீவிக்கொண்டான்.

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அட மடையர்களே என்று இப்போது நாம் தலையில் அடித்துக்கொள்ளலாம். ஆனால் அவர்களுக்கு ஆய்வுக்கூடம் வேறு, குடோன் வேறு. ஒன்று அவளுடைய பேச்சு, மற்றது அவனுடைய பிழைப்பு. சாகாத வண்டு என்று அவள் சொன்னதும், நடக்கிற வண்டை நம்பி அவன் உள்ளே போவதும், ஒரே வீட்டில் ஒரே பாயில் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக் கிடந்தும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்ளவில்லை.

தொட்டது ஒரு புதன்கிழமை. பேரப்பிள்ளை வண்டுகளைக் கேஸ் ஜாடியில் விட்டிருந்தார்கள். செல்வி எட்டிப் பார்த்தாள். முரடனின் வாரிசுகள் கண்ணாடியைச் சுற்றி நடந்துகொண்டிருந்தன. அவள் கை தானாக மூடியை நோக்கிப் போயிற்று. அந்தப் பக்கமிருந்து டெக்னீஷியன் ஸ்டீவ் போட்ட சத்தத்தில் ஜன்னலே அதிர்ந்தது.

"அக்கா! கைய எடுங்க! உள்ள கேஸ் அப்படியே இருக்குது."

"வண்டு நடக்குதேப்பா."

"அது நடக்கும்க்கா, அதுக்கென்ன. நீங்களும் நானும் நடக்க மாட்டோம். ரெண்டு மூச்சு இழுத்தா போதும், நெஞ்சு அடைச்சிக்கும். அதுக்கு மருந்தும் கிடையாது."

செல்வி கையை எடுத்தாள். குருபரப்பள்ளியில் கம்பியில் தொங்கும் டப்பி நினைவுக்கு வந்தது. கைபேசியில் ஜெபதுரையின் பேரைத் தேடிப் பிடித்து அழைத்தாள். அந்த கேஸ் கைபேசிக்குள் இருக்கும் செம்பை அரித்துவிடும் என்பதால் குடோனில் எல்லோரும் அதை வாசல் ஷெட்டில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார்கள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தவன் சென்றாயன்.

"அண்ணி? துரையண்ணா டீ குடிக்கிறாருங்க. இன்னைக்கு லாரி வரல, படுதா பிரிக்கல. ஏன் அண்ணி, அழுவுறீங்களா?"

"ஒண்ணுமில்ல சென்றாயா. வீட்டுக்கு நேரத்தோட வரச் சொல்லு."

அன்றைக்கு அவன் வந்ததும் அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். ஜெபதுரை முதலில் கிண்டலடித்தான். பிறகு டப்பியை நினைத்துப் பார்த்தான். டப்பியில் போடுகிற வண்டை அவன் எங்கிருந்து எடுக்கிறான்? குடோன் தரையிலிருந்துதான். ஒவ்வொரு தடவை கேஸ் போட்டபின்பும் செத்தது போக மிஞ்சியதைப் பெருக்கி எடுத்துத்தான் டப்பியில் போட்டு வந்தான். அத்தனையும் முரடன். இவ்வளவு நாள் அவன் உயிரோடு இருந்ததற்கு வண்டு காரணமில்லை, திறந்து கிடந்த கதவும் அடித்த காற்றும்தான் காரணம். அது புரிந்ததும் அந்தப் பெரிய உடம்பு சுவரில் சாய்ந்துகொண்டது.

"வேலைய விட்டுடுங்க" என்றாள் செல்வி.

"விட்டுட்டு?"

"மீட்டராவது கேளுங்க."

"கேக்கலையா நானு? அந்தாளு அனுப்பலாம்னுவான். ரொம்பக் கேட்டா, மத்தவனெல்லாம் மோந்து பாத்துட்டுப் போறான், உனக்கு மட்டும் என்னய்யான்னுவான். என்ன சொல்லட்டும்?"

மறுநாள் அவள் ஃபெபா மேடத்திடம் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தாள். குடோனில் வண்டு உயிரோடு இருப்பதைப் பார்த்து ஆள் உள்ளே போனால் தப்புங்களா? மேடம் நம்பாமல் சிரித்தார். "மீட்டர் இல்லாம யாராவது உள்ள போவாங்களா செல்விக்கா? அது சட்டம்." அவர் கெட்டவர் இல்லை. சட்டம் என்று ஒன்று இருந்தால் அது நடக்கும் என்று நினைக்கிற வீட்டில் பிறந்தவர், அவ்வளவுதான். செல்வி ஜாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மேலே பேசினால் புருஷனுடைய மூக்கைப் பற்றியும் பேச வேண்டிவரும்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. முரடனை நம்ப முடியாது. சாதுவை நம்பலாமே? லேசான கேஸ் பட்டாலே மல்லாந்துவிடுகிற சாதுவை டப்பியில் போட்டால், அது நடக்கிற இடத்தில் மனுஷனும் நடக்கலாம். இதைவிட நல்ல மூக்கு எங்கே கிடைக்கும்?

ஆய்வுக்கூடத்தின் முதல் சட்டமே சாதுவின் ஜாடி வெளியே போகக் கூடாது என்பது. ஒரு வண்டு கலந்தாலும் வரைபடம் கெட்டுவிடும். செல்வி டிபன் பாக்ஸின் மேல்தட்டில், சர்க்கரை மாத்திரைக் குப்பியொன்றில் சாதுவைக் கொண்டுபோனாள். வாழ்க்கையில் ஒரு குண்டூசி திருடியவள் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் நன்மை அப்பம் வாங்க மனசு ஒப்பாமல் கடைசி வரிசையிலேயே நின்றாள். பக்கத்து வீட்டு மாரம்மாவிடம்கூடச் சொல்ல முடியாத பாரம் அது. ஆனாலும் திங்கட்கிழமை ஜெபதுரை டப்பியில் இருந்த பழையதைக் கொட்டிவிட்டுச் சாதுவைப் போட்டபோது, பல நாளைக்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கியது.

"சென்றாயன்கிட்ட சொல்லுங்க" என்றாள்.

"என்னன்னு சொல்ல? அண்ணனுக்கு மூக்கு இல்லன்னா? நல்லவன்தான், வாய்தான் நிக்காது. ஒரு டீக்கு குடோன் பூரா தெரிஞ்சிடும்."

அதுவும் சரிதான் என்று அவள் விட்டுவிட்டாள்.

சாது ஒரு தடவை அவனைக் காப்பாற்றியது. காலையில் டப்பியை இழுத்துப் பார்த்தால் அத்தனையும் மல்லாந்து கிடந்தன. அதே நேரம் தரையில் முரடன்கள் ஊர்வலம் போய்க்கொண்டிருந்தன. ஜெபதுரை கதவை விட்டு நகரவில்லை. லாரி நிற்கிறது என்று குருமூர்த்தி கத்தினார். இவன் டப்பியைத் தூக்கிக் காட்டினான். அன்றைக்கு வேலை நடக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அவன் அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். "உன் சாது செத்து என்னைப் பொழைக்க வெச்சிது புள்ள." அவள் அழுதாள், சிரித்தாள், கோழி வாங்கி வரச் சொன்னாள். வாசனை தெரியாதவனுக்குக் கோழி எதற்கு என்று அவன் கேட்டான். தின்னுங்க, எனக்குத் தெரியுது இல்ல என்றாள்.

அதன்பின் அவனுக்குத் தைரியம் வந்துவிட்டது. சாது தீரத் தீர அவள் கொண்டுவந்து கொடுத்தாள். ஆய்வுக்கூடத்திலும் வேலை மும்முரமாகிவிட்டது. கணினித் திரையில் புள்ளி புள்ளியாக வரைபடம் உருவாகி, இரண்டு இடங்களில் மட்டும் புள்ளிகள் உயரமாகக் குவிந்து நின்றன. "இந்த ரெண்டு இடத்துலதான் செல்விக்கா, ரெண்டும் சேந்தாதான் இந்த முரட்டுத்தனம்" என்று மேடம் தோளைப் பிடித்து உலுக்கினார். கடைசிக் கல்யாணங்கள் நடந்துகொண்டிருந்த வாரம் அது. ஜாடியை விட்டு யாரும் நகரவில்லை. குப்பியில் எடுக்க வழியில்லை. டப்பியில் கொஞ்சமே மிஞ்சியிருக்கிறது என்று ஜெபதுரை சொன்னபோது, "இருக்கிறத வெச்சி ஓட்டுங்க, அடுத்த வாரம் கொண்டாரேன்" என்றாள். கொஞ்சம் இருந்தாலும் போதும்தான். சாதுவில் ஒன்று இருந்தால்கூட அது உண்மையைச் சொல்லிவிடும்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரம். கோதுமை நனையக் கூடாது என்று குருமூர்த்தி ஷட்டர்களைப் பாதிக்கு இறக்கச் சொன்னார். காற்று ஓட வழியில்லை. முந்தின நாள் பிரித்த படுதாவுக்கு அடியில் கேஸ் அப்படியே தங்கிவிட்டது.

வியாழக்கிழமை காலையில் ஜெபதுரை உள்ளே போனான். படுதாவை மடித்துக்கொண்டே கடைசி அடுக்கு வரைக்கும் போனான். திரும்பி வரும்போது தள்ளாடினான், வாசலில் வாந்தி எடுத்தான், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கோதுமை லாரியிலேயே தூக்கிப்போட்டுக்கொண்டு கிருஷ்ணகிரிக்குப் பறந்தார்கள். செல்வி பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அவன் முழு நினைவோடுதான் இருந்தான். அந்த விஷம் அப்படித்தான், கடைசிவரை நினைவை விட்டுவைக்கும். உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சுக்கு மூச்சு தண்ணீருக்குள்ளிருந்து இழுப்பதுபோல் இழுத்தான்.

"நடந்துச்சு புள்ள" என்றான். "டப்பில... நல்லாத்தான் நடந்துச்சு."

டாக்டர்கள் ஓடினார்கள், ஆக்சிஜன் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். ஸ்டீவ் சொன்னதுபோலவே அதற்கு மருந்து இல்லை. பொழுது சாய்வதற்குள் ஜெபதுரை போய்விட்டான்.

செல்வி அடித்துக்கொண்டு அழவில்லை. மகள்தான் அழுதாள். செல்விக்குள் ஒரே கேள்வி சுற்றிச் சுற்றி வந்தது: நடந்துச்சு என்றாரே, எப்படி நடந்தது? சாதுவா நடந்தது? ஜாடியில் ஏதாவது கலந்துவிட்டதா? தன் கையால் முரடனை எடுத்துக் கொடுத்துவிட்டேனா? எலத்தகிரிக் கல்லறையில் மண் போடும்போதும் அவள் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடக்கத்துக்கு ஆய்வுக்கூடமே வந்திருந்தது. ஃபெபா மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எதையும் சொல்ல அவளால் முடியவில்லை.

ஏழாம் நாள் பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது சென்றாயன் வாசலில் நின்றிருந்தான். இளைத்துப்போயிருந்தான். சட்டைப் பையிலிருந்து அந்த டப்பியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். வலைத்துணிக்குக் கீழே வண்டுகள் ஊர்ந்துகொண்டிருந்தன.

"அண்ணி, அன்னைக்கு நான்தான் கம்பிய இழுத்தேன். என் கண்ணால பாத்தேன், வண்டு நடந்துச்சு. எங்கம்மா மேல சத்தியமா நடந்துச்சு. எனக்கு லேசா பூண்டு வாசம் அடிச்சுதுங்க. சொன்னேன். அண்ணன் டப்பிய ஆட்டிக் காட்டி, 'இது பொய் சொல்லாதுடா, நீ இங்கயே நில்லு, நான் போயி மடிச்சிட்டு வரேன்'னு போனாரு."

செல்வி டப்பியை வாங்கினாள். "இதுல வண்டு நிறைய இருக்குதே சென்றாயா."

"ஆமாங்க. அதுக்கு ரெண்டு நாள் முன்னாலயே பாத்தேன், கொஞ்சமாத்தான் இருந்துச்சு. அண்ணனுக்கு எதுக்குச் சிரமம்னு தரையில இருந்து நானே ஒரு பிடி அள்ளிப் போட்டேன். யாரு பாத்தாலும் போடறதுதானே, எப்பவும் அப்படித்தானே. அண்ணன்கிட்டகூடச் சொல்லல." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இனிமே உள்ள போற வேலை என்னுதாம். குருமூர்த்தி சார் சொல்லிட்டாரு. அண்ணன் டப்பியவே வெச்சிக்கிறேன் அண்ணி, ராசியான டப்பின்னு சொல்ல முடியாது, ஆனா அவரு கை பட்டது. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுத்துக்கலாம்னு வந்தேன்."

ஒரு பிடி. ஒரு பிடி முரடன் நடக்கும்போது ஓரத்தில் செத்துக் கிடக்கும் நாலு சாதுவை யார் பார்த்திருப்பார்கள்? எல்லாம் ஒரே பழுப்பு. மைக்ராஸ்கோப்பிலேயே அவளுக்குத் தெரியாதது அரை வெளிச்சத்தில் ஜெபதுரைக்கு எப்படித் தெரிந்திருக்கும்? டப்பியில் வண்டு கூடியிருப்பதைக்கூட அவன் கவனித்திருக்க மாட்டான். அவள் எதிரே நிற்கிறவன் அன்பினால் ஒரு பிடி வண்டை அள்ளிப் போட்டவன். அவனைக் கன்னத்தில் அறைய வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்றும் இருந்தது. எதுவும் சொல்லாமல் டப்பியை அவன் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டால், அவன் நிம்மதியாகப் போவான். இன்னும் கொஞ்ச நாளில், இன்னொரு மழையில், அவனும் கம்பியை இழுத்துப் பார்த்துவிட்டு உள்ளே போவான்.

"உக்காரு" என்றாள்.

அவன் வாசற்படியில் உட்கார்ந்தான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். புருஷனுடைய மூக்கிலிருந்து தொடங்கினாள். பிறகு முரடனைச் சொன்னாள், சாதுவைச் சொன்னாள், குப்பியில் திருடியதைச் சொன்னாள். குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "உங்க குடோன் தரையில நடக்கிற வண்டு எந்த கேஸுக்கும் சாவாது சென்றாயா. அது நடக்குதுன்னு நீ நடக்காத. மீட்டர் வராம அந்தப் படியை மிதிக்காத."

சென்றாயன் அவள் கையிலிருந்த டப்பியைத் திரும்பிப் பார்த்தான். அவள் சொன்னது ஒவ்வொன்றாக அவனுக்குள் இறங்குவது அவன் முகத்தில் தெரிந்தது. கடைசியும் இறங்கியபோது அவன் வாய் கோணிற்று.

"அப்போ நான் போட்ட ஒரு பிடி..."

இல்லை என்று சொல்லிவிட அவள் எவ்வளவோ முயன்றாள். ஒரு சொல்தானே. ஆனால் இல்லை என்றால், வண்டில் தப்பில்லை என்றாகிவிடும். அவன் மறுபடியும் டப்பியை நம்புவான்.

"ஆமாம்டா" என்றாள். "உனக்குத் தெரியாது. அவரும் சொல்லல, நானும் சொல்லல."

அவன் தலையைப் படியில் முட்டிக்கொண்டு கத்தினான். அம்மா என்றா, அண்ணா என்றா, எந்தப் பாஷையில் என்றே தெரியவில்லை. தண்ணீர் பிடித்த பெண்கள் குடங்களைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். செல்வி அவன் தலைக்கும் படிக்கும் நடுவில் தன் உள்ளங்கையைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். டப்பி உருண்டு, வலைத்துணி அவிழ்ந்து, வண்டுகள் வெளியே வந்து, பூசைக்குப் போய்வந்த அவளுடைய செருப்பின்மேல் ஏறி நடந்தன.